வெறும் மேல்

நல்லூர்க் கோயிலுக்குள்ள ஆம்பிளையள் சட்டையைக் கழட்டி, சால்வையை இடுப்பில கட்டிக்கொண்டுதான் போறவை. உதை ஆங்கிலத்தில எழுதேக்கை சில பிள்ளையள் 'நேக்கட்' எண்டு போட்டுவிடுகினம். அது ஒட்டுத்துணியும் இல்லாத உடம்பு. கூச்சமும் சேர்ந்து வரும். 'நியூட்' ஓவியருக்கு முன்னால நிக்கிற உடம்பு. கோயில் வாசலுக்கு 'பேர்' (bare) தான் பொருந்தும்: வெறும் மேல், வெறுங்கால். ஆனால் வெறுங்கண்ணுக்கு மட்டும் ஆங்கிலேயர் 'நேக்கட்' எண்டுதான் சொல்லுவினம், அதில கூச்சம் ஒண்டும் இல்லை!

சொல்லைப் பார்த்துப் போட எங்கட ஊருக்கு ஒரு தனிக் காரணமும் இருக்கு. 1824இல எங்கட உடுவிலில பெண்பிள்ளையளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினவை வின்சுலோ தம்பதி. அந்த மைரன் வின்சுலோதான் பிறகு 1862இல சென்னையில பெரிய தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்டவர். அவர் இருந்த ஊரில நாங்களே சொல்லைப் பார்த்துப் போடாட்டி, வேற ஆர் போடுறது?