பெரிய விமானம் இறங்கிய நாள்

இது விமானம் பார்த்த கதை. உண்மையில் நாங்கள் விமானம் பார்க்கப் போகவில்லை. குவைத்தில் இரண்டு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு வரும் எங்கள் மச்சியின் மகளை அழைத்து வரத்தான் கட்டுநாயக்கவுக்குப் போனோம். போன நாளில் உலகத்திலேயே மிகப் பெரிய பயணிகள் விமானம் அங்கே வந்து இறங்கியது. அது 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் திகதி, திங்கட்கிழமை.

மருதமுனையிலிருந்து சுபஹு தொழுதுவிட்டு வேனில் புறப்பட்டோம். மச்சி, நான், என் தம்பி, சாரதி. வழியில் பாண்டிருப்பில் ஓர் அக்காவையும் ஏற்றிக்கொண்டோம். அவர் எங்களோடு தையல் வகுப்பில் இருந்தவர். கணவரை 1990இல் இழந்தவர். “ஒருக்காலும் கொழும்புப் பக்கம் போனதில்ல, நானும் வாறன் தங்கச்சி” என்று கேட்டு வந்தார்.

அம்பாறை, மஹியங்கனை, கண்டி என்று பாதை நீண்டது. பதினெட்டு வளைவுகளில் ஏறும்போது மச்சிக்கு வாந்தி. அக்காதான் தேசிக்காயை நசுக்கி முகரக் கொடுத்தார். பின்னேரம் கட்டுநாயக்கவை அடைந்தபோது மகளின் விமானம் வர இன்னும் பல மணித்தியாலம் இருந்தது.

விமான நிலையத்துக்கு வெளியே வீதியோரம் ஒரே சனம். பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்த தகப்பன்மார், மோட்டார் சைக்கிள் மேல் ஏறி நின்ற இளைஞர்கள், கையில் தொலைபேசியைப் பிடித்தபடி மாணவர்கள். யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று நினைத்தோம். விசாரித்து வந்த தம்பி, “பெரிய விமானம் ஒன்று வருதாம்” என்றான்.

அந்த ஆண்டு ஜனவரி முதல் ஏப்ரல் வரை கட்டுநாயக்க ஓடுபாதையை முழுமையாகத் திருத்தினார்கள். அதற்காகத் தினமும் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை ஓடுபாதை மூடப்பட்டிருந்தது. ஊரிலிருந்து போகிறவர்கள் அப்போது நேரம் மாறி மாறி அலைந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வேலை முடிந்த ஓடுபாதை எந்தப் பெரிய விமானத்தையும் தாங்கும் என்று காட்டுவது போல, எமிரேட்ஸ் நிறுவனம் தன் எயார்பஸ் ஏ380 விமானத்தை அந்த ஒரு நாளைக்கு மட்டும் துபாயிலிருந்து அனுப்பியிருந்தது.

அந்த விமானம் மேலும் கீழுமாக இரண்டு தட்டுகள் கொண்டது. ஏறத்தாழ 500 பேர் அதில் இருக்கலாம். நீளம் 73 மீற்றர், ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனி வரை 80 மீற்றர். வால் எட்டு மாடி உயரம். சில்லுகள் மட்டும் 22.

தென்னைகளுக்கு மேலால் அது தெரிந்தபோது சனம் ஆரவாரம் செய்தது. விசில் அடித்தார்கள், கைதட்டினார்கள். அவ்வளவு பெரியது மெதுவாக மிதந்து வருவது போலத்தான் இருந்தது. ஆனால் கிட்ட வர வர இரைச்சல் நெஞ்சுக்குள் இறங்கியது. நானும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணவில்லை. வேனின் மறுபக்கத்தில், சில்லோடு ஒட்டி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். கண் இறுக மூடியிருந்தது.

சகோதரிகளே, இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை எங்கள் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. வானத்திலிருந்து வந்த சத்தம் எந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை. ஹெலி சுற்றினால் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதற்குப் பின் அதே ஹெலியில் சாப்பாடும் மருந்தும் வந்தன. அப்போதும் சத்தம் கேட்டு மரத்தடிக்கு ஓடிய பெண்களை நான் கண்டிருக்கிறேன். உதவி வருகிறது என்று புத்திக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியாது.

நான் அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அங்கே கடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெண்ணும் வந்தார். போத்தலில் தண்ணீர் கொடுத்தார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். சாரதிதான் மொழிபெயர்த்தார். 2001 ஜூலை 24 அதிகாலை இந்த விமான நிலையம் தாக்கப்பட்டபோது அவருடைய வீடு கிட்டத்தில் இருந்ததாம். பயணிகள் விமானங்களும் எரிந்த நாள் அது. விடியும்வரை பிள்ளைகளோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தாராம். “எனக்கும் நெடுநாள் இப்படித்தான் இருந்தது” என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் பொது மொழி இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள்.

இரவு மச்சியின் மகள் வெளியே வந்தாள். உம்மாவும் மகளும் அழுது முடித்தபின் வேனில் ஏறினோம். அக்கா அவளிடம் முதலில் கேட்டது, “என்னகா புள்ள, இறங்கக்குள்ள பயமில்லையா?” என்றுதான்.

“முதல் தரம் செத்துப்போனன் எண்டுதான் நினைச்சன். போகப் போகத்தான் எந்தச் சத்தம் எதுக்கு வருதெண்டு விளங்கினது” என்றாள். வழி நெடுக அவள் சொன்னதை, முதல் முறை பறக்கப் போகும் சகோதரிகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

இறங்குவதற்குக் கொஞ்சம் முன் காலடியில் ‘கடகட’ என்று ஒரு சத்தம் வரும். அது சில்லுகள் வெளியே வரும் சத்தம். சிறகு உடைவது போல ஆடும். அது வளைவதற்காகவே செய்யப்பட்டது. வளையாவிட்டால்தான் உடையும். நிலத்தைத் தொட்டதும் பெரிய இரைச்சல் எழும். வேகத்தைக் குறைக்க எஞ்சினின் காற்றை முன்பக்கம் திருப்புவதால் வருவது அது. காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள், அல்லது இனிப்பு ஒன்றை வாயில் போடுங்கள். விமானம் முற்றாக நிற்கும்வரை பட்டியைக் கழற்றாதீர்கள்.

சிறகு ஆடுவதைப் பற்றி என் தம்பியும் ஒன்று சொன்னான். 2009 ஜூலையில் அமெரிக்காவின் ஒஷ்கோஷ் என்ற இடத்தில், விமானக் கண்காட்சியொன்றில் இதே வகை விமானத்தை இறக்கிக் காட்டினார்களாம். பக்கக் காற்றில் அது சரிந்து, நிலத்தில் அடித்தது போல இறங்க, சிறகுகள் மேலும் கீழும் ஆடினவாம். பார்த்தவர்கள் திகைத்துப் போனார்களாம். விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பயம் அறியாத ஊர்க்காரர்களும் அன்று பயந்துதான் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பெரிய விமானத்தைச் செய்வதையே 2021இல் நிறுத்திவிட்டார்கள். எங்களுக்குக் கிட்டிய மட்டக்களப்பு விமான நிலையம் 2018 மார்ச்சில் பொதுமக்கள் பயணத்துக்குத் திறக்கப்பட்டது. நெடுங்காலம் விமானப்படையிடம் இருந்த இடம் அது.

கைதட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கண்டது ஓர் அதிசயம். அக்கா கேட்டது வேறொரு நாளின் சத்தம். ஒரே விமானத்தைத்தான் இருவரும் பார்த்தார்கள். ஆகவே, உங்கள் பக்கத்தில் யாராவது காதைப் பொத்திக்கொண்டு குந்தினால், “இதுக்கெல்லாம் பயமா?” என்று சிரிக்காதீர்கள். பக்கத்தில் இருங்கள். பிறகு, அது என்ன சத்தம் என்று ஆறுதலாகச் சொல்லிக் கொடுங்கள்.

இப்போதும் எங்கள் ஊருக்கு மேலால் எப்போதாவது விமானம் போகும். பாண்டிருப்பு அக்கா முற்றத்துக்கு வந்து நின்று அண்ணாந்து பார்க்கிறார். காதைப் பொத்துவதை இன்னும் விடவில்லை. பொத்திக்கொண்டேதான் பார்க்கிறார்.