கீழிருந்து குரல் கொடுக்கவும்

போன ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளைப் பிரித்தபோது மடியில் ஒரு பிட் நோட்டீஸ் விழுந்தது. ஞாயிறு என்றால் நான்கைந்தாவது விழும். மனை விற்பனை, நகைச்சீட்டு, நீட் பயிற்சி, முழங்கால் வலிக்கு இலவச முகாம் என்று வழவழப்பான தாளில் வருகிறவற்றை அப்படியே பழைய பேப்பர் கட்டில் வைத்துவிடுவேன். இதை வைக்க மனம் வரவில்லை. இளஞ்சிவப்புத் தாள். கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தது. ஜாக்கெட், சுடிதார், பள்ளிச் சீருடை தைத்துத் தரப்படும். புடவைக்கு ஓரம் அடித்து ஃபால்ஸ் வைத்துத் தரப்படும். பழைய புடவையில் தலையணை உறை, பை தைத்துத் தரப்படும். இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள் இரண்டு வரி: “மாடிப்படி கொஞ்சம் செங்குத்தாக இருக்கும். பெரியவர்கள் ஏற வேண்டாம், கீழிருந்து குரல் கொடுத்தால் நானே இறங்கி வருவேன்.”

அந்தக் கட்டத்தை அன்று காலை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. நோட்டீஸில் குளிர்சாதன வசதி உண்டு என்பார்கள், வாகனம் நிறுத்த இடம் உண்டு என்பார்கள். தன் கடையில் இருக்கும் ஒரு சிரமத்தைத் தானே எடுத்துச் சொல்லி, அதைத் தன் கால்மேல் போட்டுக்கொண்ட நோட்டீஸை நான் பார்த்ததில்லை. எழுதும்போதே அந்தப் பெண்ணுக்கு வரப்போகிறவர்களின் முகம் தெரிந்திருக்கிறது. மூட்டுவலியோடு, கையில் துணிப்பையோடு, படியின் கைப்பிடியைப் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டு நிற்கும் யாரோ ஒரு அம்மாள்.

முகவரியும் அதே மாதிரிதான். கதவு எண் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. “பழைய குழாயடி தாண்டி, பிள்ளையார் கோவில் சந்தில் இடது பக்கம், முருங்கை மரம் உள்ள வீடு, மாடி.” நான் உறையூருக்குக் குடிவந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அந்தக் குழாயடியில் குழாய் இல்லாமல் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். வீட்டுக்கு வீடு இணைப்பு வந்த பிறகு எடுத்துவிட்டார்கள். சிமெண்டுத் திட்டு மட்டும் மிச்சம், அதன்மேல் இப்போது காலையில் கீரைக்கூடை உட்கார்ந்திருக்கும். போன வருடம் குடிவந்தவர்களுக்கு ‘பழைய குழாயடி’ என்றால் ஒன்றும் விளங்காது. அங்கே குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு எழுதப்பட்ட முகவரி அது. யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களுக்குச் சேர்ந்துவிடும்.

பின்தெருவில் இருக்கும் நண்பரிடம் கேட்டேன். அவர் வீட்டுப் பேப்பரில் வரவில்லையாம். விடிவதற்கு முன் முச்சந்திப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, பையன்கள் முதலில் இணைப்பிதழைச் செருகி, அதற்குள் நோட்டீஸைச் செருகி, லைன் வாரியாக அடுக்கிக்கொண்டு போவார்கள். இந்தப் பெண் ஒரே ஒரு லைனுக்கு மட்டும் கொடுத்திருக்க வேண்டும். துணிப்பையோடு ஒருவர் நடந்து வரக்கூடிய தூரம் எவ்வளவோ அவ்வளவுதான் தன் கடை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் மாமாவுக்கும் இது தெரிந்திருந்தது.

மாமா 1980இல் காரைக்குடியில், செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சைக்கிள் கடை வைத்தார். ஆறு வாடகை சைக்கிள், ஒரு பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய இரும்புச் சட்டி, இவ்வளவுதான் முதல். கோடை விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தேன். நோட்டீஸுக்கு மாமா நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போனார்.

உள்ளே நுழைந்ததும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. சாய்வாக நிறுத்திய மரப்பெட்டிகளில் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்து. ஈயத்தில் கொஞ்சம் ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்தவை. கம்போசிட்டர் வயதானவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதில் நூல் கட்டியிருந்தார். மாமா எழுதியதை ஒருமுறை படித்தார். பிறகு விரலால் எண்ணிக்கொண்டே இன்னொருமுறை படித்தார்.

“தம்பி, பதினொரு எடத்துல சைக்கிள்னு எழுதியிருக்கீங்க. இந்தச் சைஸுல ‘ள்’ எல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு. அது ஓடி முடிஞ்சு பிரிச்சுப் போட நாலு நாளாகும். தலைப்புல ஒண்ணு, உள்ளுக்குள்ள ரெண்டு, அதுக்குத்தான் இருக்கு.”

“மத்த எடத்துக்கு?”

“வண்டின்னு போடுவோம். உங்க ஊருல சைக்கிள வண்டின்னுதானே சொல்றாக?”

கல்யாணப் பத்திரிகையில் வரிக்கு வரி ‘அவர்கள்’ வரும் என்பதால் ‘ள்’ அத்தனையும் அங்கே போயிருந்தது எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது. மாமாவின் இரண்டு பக்கமும் அந்த ஒரு பிற்பகலில் பதினான்கு வரியானது. ‘பொதுமக்களுக்கு ஓர் நற்செய்தி’ போயிற்று. ‘அன்புடையீர்’ நின்றது. “வண்டியைக் காலையில் விட்டால் மாலையில் எடுத்துக்கொள்ளலாம். வேலை சுத்தம்” என்ற வரி பெரியவர் தானாகச் சேர்த்தது. நோட்டீஸில் எனக்கு மிகப் பிடித்த வரியும் அதுதான். ‘வேலை’ என்பதில் வந்த ‘லை’, தலைக்கு மேல் யானைத் தும்பிக்கை வளைத்த பழைய ‘லை’. தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை 1978 அக்டோபரில் ஏற்றுக்கொண்டிருந்தது; பள்ளியில் எங்களுக்குப் புது ‘லை’ வந்துவிட்டது. அந்த அச்சகத்தின் பெட்டிக்குள் தும்பிக்கைதான் இருந்தது. புது எழுத்து வாங்கக் காசு வேண்டும், பழைய ஈயம் தேயும்வரை ஓடும் என்றார் பெரியவர்.

புரூஃப் எடுத்துக் காட்டியபோது கடைசியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருந்தன. மாமா முகம் சுளித்தார். தன் நோட்டீஸில் இன்னொருவர் கடைப் பெயரா? பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. “இது வெள்ளக்காரன் காலத்துச் சட்டம் தம்பி. எங்க அடிச்சதுன்னு போடாம ஒரு தாள் வெளியில போகக்கூடாது.” அவர் சொன்னது 1867ஆம் வருடத்து அச்சகச் சட்டம். நோட்டீஸ் உட்பட, அச்சாகும் எந்தத் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்றது அது. 2024 மார்ச்சில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, நூற்றைம்பது வருடத்துக்கு மேல் அது இருந்தது. அந்தப் பொடி எழுத்தை நான் எப்போதும் தேடிப் படிப்பேன். ஒரு சின்னக் கடை பிறந்ததற்கு இன்னொரு சின்னக் கடை போட்ட சாட்சிக் கையெழுத்து மாதிரி இருக்கும்.

தாள் கணக்கும் அங்கேதான் கற்றேன். ரீமுக்கு 500 தாள். டெம்மி தாளை எட்டாக வெட்டினால் கால் ரீமில், அதாவது 125 தாளில், 1000 நோட்டீஸ். ட்ரெடில் மிஷினைக் காலால் மிதித்துக்கொண்டே ஒரு கையால் தாளை வைத்து மறு கையால் எடுத்தார் ஓர் அண்ணன். அந்தக் கைகள் இரண்டும் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. ரோஸ், மஞ்சள், வெளிர்பச்சை என்று எது மலிவோ அந்தத் தாள். மாமாவுக்கு மஞ்சள் கிடைத்தது.

“அந்தப் பக்கம் வெறுமனே கெடக்கே, அங்கயும் ஏதாவது போடலாமா?” என்று மாமா கேட்டார்.

“வேணாம் தம்பி. பின்பக்கம் வெள்ளையா இருந்தாத்தான் வீட்டுல வச்சிருப்பாக.”

எத்தனையோ பேர் விளம்பரத்தைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதற்கு மேலான ஒன்றை இதுவரை கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து விநியோகம் என் பொறுப்பு. மாமா இரண்டே கட்டளைதான் போட்டார். “வாசல்ல போட்டுட்டு வராத, கூப்பிட்டுக் கையில குடு. வாங்குறவுக மொகத்தப் பாத்துக் குடு.” செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளமாகக் கிடக்கும். முகப்பில் நின்று நான் கூப்பிட்டால், வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, அடுப்படியிலிருந்து ஒருவர் நடந்து வருவதற்குள் எனக்குப் பயம் வந்துவிடும். இவ்வளவு தூரம் நடக்க வைத்தது ஒரு மஞ்சள் தாளைக் கொடுக்கவா? சில வீடுகளில் பெரிய பூட்டு தொங்கும். ஆட்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். அந்தத் திண்ணைகளில் நோட்டீஸ் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவேன். ஒரு வீட்டில் ஓர் ஆச்சி நோட்டீஸை வாங்கி முழுக்கப் படித்தார்கள். “வேலை சுத்தம்னு போட்டிருக்கே, சொன்னபடி செய்வானா ஒன் மாமன்?” என்று கேட்டார்கள். “செய்வாக ஆச்சி” என்றேன். வாழ்க்கையில் நான் பிறருக்காகக் கொடுத்த முதல் உத்தரவாதம் அது.

மாமா வந்தவர்கள் ஒவ்வொருவரையும் கேட்பார்: “நோட்டீஸ் பாத்துட்டா வந்தீங்க?” ஆமாம் என்றால், அவர்கள் போன பிறகு கதவின் உள்பக்கம் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுவார். முதல் வாரம் ஏழு கோடு. பிறகு இரண்டு, ஒன்று. நான் ஊருக்குக் கிளம்பும்போது கோடு நின்றுவிட்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆயிரம் பேரின் முகத்தைப் பார்த்துக் கொடுத்திருந்தேன்.

அடுத்த வருட விடுமுறையில் நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது, செயின் அறுந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பையன் வந்தான். பின்னாலேயே அந்த ஆச்சி. கையில் எங்கள் மஞ்சள் நோட்டீஸ். நடுவில் குத்தூசியில் மாட்டிய ஓட்டை. பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து: கால்படி, அரைப்படி, நடுநடுவே ‘வரவில்லை’. பத்துப் பன்னிரண்டு மாதத்துப் பால் கணக்கு. “கணக்கத் தீத்துட்டுத் தாளக் கிழிக்கப் போனேன், திருப்பிப் பாத்தா ஒங்கட. பேரனும் சரியா வண்டிய ஒடச்சுட்டு வந்து நிக்கிறான்” என்றார்கள். மாமா எழுந்து நின்று அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். வண்டியைச் சாயங்காலத்துக்குள் முடித்தார். கதவுக்குப் பின்னால், பழைய கோடுகளுக்குப் பக்கத்தில், நீளமாக ஒரு கோடு போட்டார்.

காரைக்குடிக்குப் பக்கத்தில்தான் கோட்டையூர். அங்கே கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா அந்த நாட்களில் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப்போட்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அவர் 1992இல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு அந்தச் சேகரிப்பு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. தரமணியில் இருக்கும் அந்த நூலகத்தின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய தூரிகைதான் நினைவுக்கு வரும். பலகை எழுதுகிறவருக்கு ஒரு கடைக்காரர் தன் பெயரைப் பெரிதாகப் பார்க்கும்போது அடைகிற கூச்சமும் பெருமையும் தெரியும். நோட்டீஸைக் குப்பையாகப் பார்க்க அவரால் எப்படி முடியும்? மாமாவின் மஞ்சள் தாளில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. ஆச்சி கொண்டுவந்ததை மாமா பல வருடம் கல்லாப்பெட்டியில் வைத்திருந்தார். கடையை மூடிய வருடத்துப் பெருமழையில் கூரை ஒழுகி, பெட்டியில் இருந்ததெல்லாம் கூழாகிவிட்டது.

இந்த வாரம் புதன்கிழமை, என் மனைவியின் பழைய சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு, பழைய குழாயடி தாண்டி நடந்தேன். பிள்ளையார் கோவில் சந்து. முருங்கை மரம் பூத்திருந்தது. படி உண்மையிலேயே செங்குத்து; கைப்பிடியாக ஒரு கயிறு மட்டும் கட்டியிருந்தது. மேலே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. என்னால் ஏறியிருக்க முடியும். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் எழுதியிருந்ததை மதிக்க வேண்டும் என்று தோன்றியது. “அம்மா, தைக்கக் குடுக்கணும்” என்று குரல் கொடுத்தேன்.

மிஷின் நின்றது. கழுத்தில் இஞ்ச் டேப்போடு, முப்பது வயது இருக்கும், ஒரு பெண் வேகமாக இறங்கி வந்தார். புடவையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான்கு தலையணை உறை வரும், மிச்சத்தில் ஒரு பை தைக்கலாம், வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “ஐயா, நோட்டீஸ் பாத்துட்டா வந்தீங்க?” என்று கேட்டார்.

“ஆமாம்மா.”

அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் திரும்பி, மாடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “அம்மா, நோட்டீஸ் பாத்துட்டு வந்திருக்காங்க!”