வேகமும் வெப்பமும்

சோனி நிறுவனத்தார் 2004இல் ஜப்பானில் வெளியிட்ட பி.எஸ்.பி. என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியின் செயலி, 333 மெகாஹெர்ட்ஸ் வேகத்திற்கு உரியது. ஆயினும் விளையாட்டுகள் 222ஐத் தாண்ட அவர்கள் இடந்தரவில்லை. மின்கலச் சிக்கனமே காரணம் எனக் கருதப்பட்டது. 2007இல் அவர்களே அத்தடையைத் தளர்த்தினர். தயங்கி நகர்ந்த காட்சிகள் சீராக ஓடக் கண்டு மகிழ்ந்தோருள் நாமும் உண்டு.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் லேத்துப் பட்டறைகளுக்கு இக்கணக்குப் புதிதன்று. சுழற்சி மிகுந்தால் வேலை விரையும். வெட்டுமுனையோ சூடேறி மழுங்கும். செயலியிலும் வேகம் கூடினால் வெப்பம் கூடும். அதற்கென மின்னழுத்தத்தையும் உயர்த்தினால், அவ்வழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகும். ஆவடியின் கத்திரி வெயிலில், விசிறியற்ற சிறு பெட்டி அதனை எங்கே தள்ளும்? மின்கலம் உப்பிய பழங்கருவியெனில் எந்த வேகமும் வேண்டா.

தோழரிடம் இரவல் பெற்ற கருவி அமானிதம். அதனை 222இலேயே விட்டுவிடுவோம். நமதேயெனில் மார்கழி இரவில் 333. சித்திரை பிறந்தால் மீண்டும் 222.