வட இங்கிலாந்துக்குப் பத்து நாட்கள்

இங்கிலாந்துக்குப் போய் வந்தோம் என்று கூறுவோரில் பெரும்பாலோர் லண்டனுக்குப் போய் வந்தவரே ஆவர். அரண்மனை வாயிலில் காவலர் மாறும் காட்சியையும், பாராளுமன்றக் கடிகாரத்தையும், தேம்ஸ் நதிப் பாலத்தையும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டால் அந்நாட்டைக் கண்டுவிட்டதாகத் திருப்தி உண்டாகிவிடுகிறது. அவர்களைக் குறை கூற யான் வரவில்லை. ஆயினும், தோட்டத்து லயத்தில் பிறந்த நம்மனோர் அந்நாட்டில் காணவேண்டிய பகுதி எது என்று என்னைக் கேட்டால், வடக்கே போங்கள் என்றே சொல்வேன். லண்டன் அந்த வீட்டின் கூடம். வடக்கு அதன் அடுக்களை. நெருப்பும் புகையும் வியர்வையும் அங்கேதான் இருந்தன.

வரும் மே மாதத்தில் நானும் என் மனைவியும் மகளும் புறப்படுவதென்று முடிவாகியிருக்கிறது. நாட்கள் பத்து. பணமோ, ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். பத்து நாள் என்பது குட்டைப் போர்வை. தலைக்கு இழுத்தால் கால் தெரியும். ஆகவே இரண்டு மாதமாக எங்கள் உணவு மேசைமீது தேசப்படம் விரிந்தபடியே கிடக்கிறது. குழம்புக் கறையால் லீட்ஸ் நகரம் மஞ்சளாகிவிட்டது.

முதல் மூன்று நாட்களை மான்செஸ்டருக்கு ஒதுக்கியிருக்கிறோம். அதில் வீட்டில் ஒருவருக்கும் மாறுபாடில்லை. பந்தாட்ட மைதானத்தைப் பார்த்து வரவேண்டும் என்று உடன் வராத மகன் இங்கிருந்தே கட்டளை இட்டிருக்கிறான். எனக்கோ வேறு காரணங்கள் உண்டு. 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபோது கட்டிய நிலையம் இன்றும் அங்கே நிற்கிறது. அறிவியல், தொழில் பொருட்காட்சிச்சாலையின் ஒரு பகுதியாக அதனைக் காத்து வருகிறார்கள். 1819 ஆகஸ்டு 16ஆம் நாள், வாக்குரிமை கேட்டுத் திரண்ட ஏறத்தாழ 60,000 மக்கள்மீது குதிரைப்படையை ஏவிப் பதினைந்து பேருக்குக் குறையாமல் மாளச் செய்த இடமும் அந்நகரின் நடுவிலேயே உள்ளது. அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழும்ப இருநூறு ஆண்டுகள் ஆயின, 2019இல்தான் அமைத்தார்கள்.

ரப்பரின் சரித்திரமும் அவ்வூரைத் தொடுகிறது. சார்லஸ் மாக்கிண்டாஷ் என்பவர் ரப்பரைக் கரைத்து இரு துணிகளுக்கிடையே பூசி, மழை புகாத துணி செய்வதற்கு 1823இல் உரிமை பெற்றார். அதற்கான ஆலை மான்செஸ்டரில்தான் எழுந்தது. அக்காலத்து ரப்பர் தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. மலாயாவில் தோட்டங்கள் தோன்றுவதற்கும், நம் பாட்டன்மார் விடியலிருட்டில் விளக்கோடு மரத்தடியில் நிற்பதற்கும் இன்னும் எழுபது ஆண்டுகள் இருந்தன. மழைக்கோட்டு ஒன்று அவ்வூரிலேயே வாங்குவதென்று இருக்கிறேன்.

அந்நகரில் ஆபிரகாம் லிங்கன் சிலை ஒன்று நிற்பதைக் கேட்டுப் பலர் வியப்படைவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி வரத்து நின்று லங்காஷயர் ஆலைகள் மூடிக்கிடந்தன. அடுப்பெரியாத வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அந்நிலையிலும் 1862 டிசம்பர் 31ஆம் நாள் மான்செஸ்டர்த் தொழிலாளர் கூட்டங்கூடி, அடிமைத்தனத்தை ஒழிக்கும் லிங்கனின் பக்கமே நாங்கள் என்று எழுதி அனுப்பினர். அடுத்த மாதமே அவர் நன்றி கூறி மறுமொழி விடுத்தார். லங்காஷயர் முழுவதும் ஒருமனதாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. லிவர்பூல் வணிகரில் பலர் தென்மாநிலங்களின் பக்கமே சாய்ந்திருந்தனர். எனினும், தன் வயிறு காயும்போது கடல் கடந்த அடிமையை நினைத்த கூட்டமொன்று அங்கே இருந்தது மெய். 1931இல் காந்தியார் அதே லங்காஷயரில் உள்ள டார்வென் என்னும் ஊருக்குப் போனார். அந்நியத் துணி மறுப்பும் ஆலைகள் படுத்ததற்கு ஒரு காரணமாயிருந்தும், ஆலைத் தொழிலாளிகள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரித்து வரவேற்றனர்.

மான்செஸ்டரிலிருந்து டிராம் வண்டியிலேயே ராச்டேல் போய்விடலாம். 1844 டிசம்பர் 21ஆம் நாள், 28 பேர் சேர்ந்து அங்கே டோடு தெருவில் ஒரு கடை திறந்தார்கள். விற்ற சரக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சிலவே. கலப்படமில்லாத சரக்கு, சரியான நிறை, ஆளுக்கொரு வாக்கு, இலாபத்தில் வாங்கியவர்க்கே பங்கு. இந்த ஏற்பாடு உலகெங்கும் பரவியது. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துப் பணம் கட்டிய குடும்பங்களில் எங்களதும் ஒன்று. ஆதலால் அந்தக் கடைக்கு அரை நாள் கொடுக்காமல் இருக்க என்னால் இயலாது. மனைவி, “கடை என்றால் எதாவது வாங்கலாமா?” என்று கேட்டாள். பொருட்காட்சிச்சாலை என்றேன். அவள் முகம் சுருங்கியது.

நான்காம் நாள் வடக்கு நோக்கி ரயில். வழியில் பிரஸ்டன். பிரயாணிகள் அவ்வூரைத் தேடிப் போவதில்லை. ஆனால் 1832 செப்டம்பர் 1ஆம் நாள் ஜோசப் லிவ்சே முதலிய எழுவர், பீர் உட்பட மது எதனையும் தொடோம் என்று அவ்வூரில் கையொப்பமிட்டனர். அதற்கு முந்திய மதுவிலக்குச் சங்கங்கள் சாராயத்தை மட்டும் விலக்கிப் பீரை விட்டிருந்தன. பணக்காரன் வீட்டுத் திராட்சை மதுவுக்கும் ஒரு விலக்குத் தேவை என்பதை அவ்வெழுவர் கண்டனர். சுற்றுலாவுக்கும் மதுவிலக்குக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். தாமஸ் குக் என்பார் 1841இல் லெஸ்டரிலிருந்து லப்பரோ என்னும் ஊருக்கு ஏறத்தாழ 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் வீதம் ரயிலில் அழைத்துச் சென்றாரே, அது ஒரு மதுவிலக்குக் கூட்டத்திற்கு! குடிக்கடைக்குப் போகும் காசை ஊர் பார்க்கச் செலவிடுக என்பது அவர் நோக்கம். அவர் பெயரால் வளர்ந்த கம்பெனி 2019இல் நொடித்துப்போயிற்று. அவருடைய எண்ணம் நொடிக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றுள் ஒன்று, கள்ளுக்கடைகளை மூடுக என்பதே. பிரஸ்டனில் வண்டி நிற்கும் சில நிமிடங்களில் நான் இறங்கி மேடையில் நிற்பேன். அதற்குத் தனிச் செலவில்லை.

நிற்க. ஏரி நாட்டைப்பற்றி இனிக் கூறவேண்டும். விண்டர்மியர் வரை ரயிலும், அதன்பின் கிராஸ்மியருக்குப் பேருந்தும் உண்டு. ஆங்கில இலக்கியம் படித்த என் மகளுக்கு, கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை குடியிருந்த சிறு வீட்டையும், அவர் கல்லறையையும், மலைச் சரிவுகளையும் காண மூன்று நாட்களாவது வேண்டும். அழகுக்கு நான் பகைவன் அல்லேன். ஆனால் ஒரு செய்தியை அவளிடம் சொன்னேன். விண்டர்மியருக்கு ரயில் வரப்போகிறது என்று 1844இல் கேள்விப்பட்டதும், அந்தக் கவிஞர் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதி எதிர்த்தார். ஆலைத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கினால் இடத்தின் அமைதி கெடும், மலையழகை உணரும் பயிற்சி அவர்களுக்கு இல்லை, அவர்கள் தத்தம் ஊர்ப்புறத்து வயல்களில் உலாவட்டும் என்பது அவர் வாதம். இந்த ஏரிகள் நாட்டார் யாவர்க்கும் சொந்தமான செல்வம் என்று தம் வழிகாட்டி நூலில் எழுதியவரும் இவரே! 1847இல் ரயில் வந்துவிட்டது. நாங்கள் ஏறப்போவதும் அந்தப் பாதையில் ஓடும் வண்டியில்தான்.

“அதற்காக அவர் கவிதையை வெறுக்கவா முடியும், அப்பா?” என்றாள் மகள். வேண்டாம். ஆனால் கிண்டர் ஸ்கௌட் மலையையும் திட்டத்தில் சேர்க்கவேண்டும் என்றேன். அது மான்செஸ்டரிலிருந்து ஒரு பகலில் போய்த் திரும்பக்கூடியது. பிரபுக்கள் பறவை வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த அம்மலைமீது 1932 ஏப்ரல் 24ஆம் நாள் ஏறத்தாழ 400 இளைஞர், பெரும்பாலும் தொழிலாளர், தடையை மீறி ஏறினார்கள். ஐவருக்குச் சிறைவாசம் கிடைத்தது. தலைவனாயிருந்த பென்னி ராத்மனுக்கு வயது இருபது. நடந்ததற்குச் சிறை! பின்னர் 1949இல் சட்டம் வந்தது. 1951இல் அந்த மலைநாடும் ஏரி நாடும் தேசியப் பூங்காக்கள் ஆயின. மேலே சொன்ன கிள்ளான் வேலைநிறுத்தத்தில் மற்றொரு கோரிக்கையும் இருந்தது: வெள்ளைக்காரத் துரை எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பது. மலைமீது நடப்பதற்கும், தெருவில் சைக்கிளில் போவதற்கும் ஒரே பத்தாண்டிற்குள் இரு நாட்டுத் தொழிலாளர் போராட வேண்டியிருந்தது. மகள் ஒன்றும் பேசவில்லை; படத்தில் கிண்டர் மலையைச் சுற்றி வட்டமிட்டாள். ஏரிக்கு இரண்டு நாட்கள் என்று ஒத்துக்கொண்டோம்.

உண்மையான தர்க்கம் அதற்கு அப்பால்தான் வந்தது. கார்லைல் நகரத்திலிருந்து செட்டில் வழியாகத் தெற்கே வரும் ரயில் பாதை அழகில் பெயர் பெற்றது. ரோமர் கட்டிய ஆட்ரியன் மதில் கார்லைலுக்கு அருகில்தான். அதை விட்டுவிட்டோம், எல்லாவற்றையும் பார்க்க முடியாது. இப்பாதையில் ரிபிள்ஹெட் என்னும் இடத்தில் 24 வளைவுகள் கொண்ட கற்பாலம், தரையிலிருந்து முப்பது மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. வண்டியிலிருந்தே பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்பது மகளின் யோசனை. அங்கே இறங்கி ஒரு பகல் தங்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

1869 முதல் 1876 வரை அப்பாதை கட்டப்பட்டது. அந்த ஈரச் சதுப்பில் தொழிலாளர் குடிசைகள் போட்டுக்கொண்டு மனைவி மக்களோடு வாழ்ந்தார்கள். குடிசைக் கூட்டங்களுக்கு ஜெருசலேம், ஜெரிக்கோ, செபஸ்தபோல் என்று பெயரிட்டிருந்தார்கள். விபத்தில் மாண்டவர் பலர். பெரியம்மையில் மாண்டவர் பலர். குழந்தைகளும் அதில் அடங்குவர். பக்கத்துச் சாப்பல்லிடேல் சிற்றூர்க் கோயிலின் இடுகாட்டில் இருநூறு பேர்வரை புதைத்தார்கள். இடம் போதாமல் அந்த இடுகாட்டையே விரிவாக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான குழிகளுக்குக் கல் இல்லை. ஆனால் பெயர்கள் கோயிற் பதிவேட்டில் உள்ளன. வேலையில் மாண்டவர்களுக்காகக் கோயிலுக்குள் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறார்கள். அதன் செலவில் ஒரு பகுதியை உடன் வேலை செய்த தொழிலாளரே கொடுத்தனர்.

“அப்பா, நாம் விடுமுறைக்குப் போகிறோமா, துக்கம் கேட்கப் போகிறோமா?” என்றாள் மகள்.

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. என் தந்தையாரின் தமையனார், என் பெரியப்பா, 1943இல் ஜப்பானியரால் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார். அப்போது அவருக்கு வயது 23. திரும்பவில்லை. எந்த முகாம், எந்த மாதம், காலராவா, பட்டினியா என்று கூற ஒருவரும் வரவில்லை. அவருடைய பால்வெட்டும் கத்தியைப் பாட்டி கூரையில் செருகி வைத்திருந்தாள். துருப்பிடிக்காமலிருக்க மாதம் ஒருமுறை எண்ணெய் தடவுவாள். இறந்த நாள் தெரியாததால் மகனுக்கு எந்த நாளிலும் படையல் வைக்கச் சம்மதிக்காமலே அவள் கண்ணை மூடினாள். நான் ஒருமுறை காஞ்சனபுரிக்குப் போயிருக்கிறேன். அங்கே நேசநாட்டுப் போர்வீரர் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறைகள் வரிசை வரிசையாக, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பேணப்படுகின்றன. அதே பாதையில் மாண்ட தமிழர், மலாய்க்காரர், பர்மியர் பல்லாயிரவருக்கு அவ்வாறு பெயர் வரிசை இல்லை. கூலிக்காரன் பெயரை எழுதிவைப்பது முடியாத காரியம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மலங்காட்டுச் சிற்றூரில் அது நடந்திருக்கிறது. அந்தக் கல்லின்முன் நான் சிறிது நேரம் நிற்க விரும்புகிறேன்.

இதையெல்லாம் நான் மகளிடம் சொல்லி முடிக்கவில்லை. மனைவிதான் அடுக்களையிலிருந்து வந்து, “யார்க்கில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைப் போடுங்கள்” என்றாள். யார்க் நகரத்தின்மீது ஆசை வைத்திருந்தவள் அவள்.

எஞ்சிய நாட்களைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். ஹவர்த்தில் பிராண்டி சகோதரிகள் மூவர், பெண் எழுதினால் மதியார் என்று ஆண் பெயர்போல் தோன்றும் புனைபெயர்களில் நாவல்களை வெளியிட்ட வீடு இருக்கிறது. அவ்வூரில் 1850இல் நடந்த விசாரணையில், இறந்தோரின் சராசரி வயது 25.8 என்று கண்டார்கள்; நிரம்பி வழிந்த இடுகாடும் கெட்ட தண்ணீரும் அதற்குக் காரணங்களாக இருந்தன. அங்கே போகும் நீராவி ரயில் எல்லா நாட்களிலும் ஓடுவதில்லை. செல்வோர் நாள் பார்த்துக்கொள்ளவேண்டும். யார்க்கில் மதிலும் பெருங்கோயிலும் ரயில் பொருட்காட்சிச்சாலையும் ஒரே நாளில் அடங்கவேண்டும். சீபாம் ரவுண்டிரீ 1901இல் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வூரைப்பற்றியதே. ஊராரில் 27.84 விழுக்காட்டினர் வறியவர் என்றும், போதிய உணவுக்கே வழியற்றவரிடையே, ஒழுங்காக வேலை செய்தும் கூலி போதாமையே தலையாய காரணம் என்றும் வீடு வீடாகக் கணக்கெடுத்துக் காட்டினார். சோம்பேறித்தனமே வறுமைக்குக் காரணம் என்று இன்னமும் பேசுவோர் நம்மிடையே உளர். அவர்களையும் அழைத்துப்போகப் பணமில்லை.

புறப்பட நினைப்போருக்கு இரண்டொரு குறிப்பு. 2025 ஜனவரி முதல் மலேசியர், சிங்கப்பூரர் இருவரும் மின்வழி முன்அனுமதி பெற்றே செல்லவேண்டும். மே மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். ஆகவே பகல் நமக்குப் பெரிது. மழைக்கு மே என்றும் ஜூன் என்றும் பேதமில்லை.

ரிபிள்ஹெட் நிலையத்தில் நாளொன்றுக்குச் சில வண்டிகளே நிற்கின்றன. அங்கிருந்து சாப்பல்லிடேல் கோயிலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடக்கவேண்டும், திரும்பியும் நடக்கவேண்டும். மனைவிக்கு முழங்கால் வலி. நேற்றிரவு மகள் கைப்பேசியில் அந்தப் பாதையை அளந்து பார்த்துவிட்டு, அம்மாவை ஏற்றிச்செல்ல அக்கம்பக்கத்தில் வாடகை வண்டி கிடைக்குமா என்று விசாரித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.