கச்சத்தீவில் ஓர் இரவு

அயல்நாட்டுக்குச் சென்று திரும்பினோம் என்று நாங்கள் சொன்னபோது அபிராமத்துக் கடைத்தெருவில் ஒருவரும் நம்பவில்லை. வியாழன் பிற்பகல் மூட்டை முடிச்சுகளுடன் பேருந்து ஏறியவர்கள் சனி நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள், கையில் கடவுச்சீட்டு இல்லை, விமானம் ஏறவில்லை, இதென்ன அயல்நாட்டுப் பயணம் என்று நகைத்தார்கள். நகைப்புக்கு இடமில்லாமலும் இல்லை. ஆயினும் 2025 மார்ச் 14, 15 ஆகிய இரு நாட்களில் நாங்கள் பதினோரு பேர் கடல் கடந்து இலங்கை மண்ணில் நின்று, திருப்பலி கண்டு, அங்குள்ளோரோடு உண்டு, உறங்கி மீண்டோம் என்பது மெய்.

இப்பயணம் ஒரு பெண்பிள்ளை கேட்ட கேள்வியால் நேர்ந்தது. மேலைநாட்டுப் பங்குகளில் இளைஞர் பத்து நாள், பதினைந்து நாள் என்று விடுப்பு எடுத்துக்கொண்டு, வேற்று நாடுகளுக்குக் குழுவாகச் சென்று, வீடு கட்டித் தந்தும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் ஊழியம் செய்து திரும்பும் வழக்கம் உண்டு. அதனைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் பேச்சு எழுந்தபோது அவள் கேட்டாள்: "சாமி, அங்கிருந்து இங்கே வருகிறார்கள். நாம் எப்போது அங்கே போவது?" நியாயமான கேள்விதான். ஓரியூர் மணலில் 1693 பிப்ரவரி 4 அன்று குருதி சிந்திய புனித அருளானந்தர் லிஸ்பனிலிருந்து வந்தவர். மண்டபத்தை அடுத்த வேதாளையில் 1549-இல் கொல்லப்பட்ட அந்தோணி கிரிமினாலி அடிகள் இத்தாலியர். இராமநாதபுரத்துச் சீமை வந்தவர்களை ஏற்றே பழகியது; போய்ப் பழகவில்லை. சாமியார் சற்று யோசித்தார். "முதலில் கச்சத்தீவுக்குப் போய்வாருங்கள். பன்னிரண்டு கடல்மைல் போகத் தெரிந்தால் பிறகு பன்னிரண்டாயிரம் மைல் போகலாம்" என்றார்.

அவ்வாறே பெயர் கொடுத்தோம். இராமேசுவரம் வேர்க்கோடு புனித சூசையப்பர் பங்கின் வழியாகவே விழாவுக்குரிய விண்ணப்பங்கள் பெறப்படுகின்றன. நிழற்படமும் ஆதார் நகலும் சேர்த்துச் சில வாரங்களுக்கு முன்னரே அனுப்பிவிட வேண்டும். கடைசி நாளில் ஓடினால் கதவு திறவாது என்பதை, எண்ணமுள்ள வாசகர் குறித்துக்கொள்வது நல்லது. கடவுச்சீட்டு தேவைப்படாததற்குக் காரணம் 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தம். இராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீனுக்கு உரியதாக இருந்த, 285 ஏக்கர் பரப்புள்ள அத்தீவு, அவ்வொப்பந்தத்தால் இலங்கைக்கு உரியதாயிற்று. ஆனால் இந்தியத் திருப்பயணிகள் முன்போல் வந்து செல்லலாம். அதற்குப் பயண ஆவணமோ நுழைவுச்சீட்டோ வேண்டியதில்லை என்று அதன் ஐந்தாம் பிரிவு கூறுகிறது. தீவை இழந்தோம், திருவிழா எஞ்சியது.

புறப்படும் நாளில் அண்டை வீட்டு பாய் வந்தார். அவருடைய பாட்டனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய நாட்களில், 1964 டிசம்பர்ப் புயல் அந்தத் துறையையே விழுங்குவதற்கு முன்னர், இப்பக்கத்தார்க்கு இலங்கை அடுத்த ஊர்போலத்தான் இருந்தது. "அந்தோணியார் சன்னதியிலே என் பேருக்கு ஒரு மெழுகுதிரி ஏத்துங்க" என்று சொல்லி இருபது ரூபாய் கொடுத்தார். என்ன வேண்டுதல் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக மண்டபம் சேர்ந்தோம். அப்போது இரயில் மண்டபத்தோடு நின்றுவிடும். பாம்பனில் புதிய தூக்குப்பாலம் திறப்பை எதிர்நோக்கி நின்றது. பேருந்துப் பாலத்தின் மேலிருந்து நீலக் கடலைக் கண்டதும் எங்கள் பிள்ளைகள் கூவினர். கண்மாய் நிறைந்தாலே திருநாள் கொண்டாடும் ஊரிலிருந்து வருபவர்கள் அல்லவா!

வெள்ளி அதிகாலை மீன்பிடித் துறைமுகத்தில் நீண்ட வரிசை நின்றது. சோதனைகள் பல, பொறுமை வேண்டும். பயணிகளை ஏற்றும் படகுகளில் வலை இருத்தலாகாது என்பதால், துறை நெடுகிலும் வலைகள் குன்றுகள்போல் குவிந்து கிடந்தன. எங்கள் படகின் தளத்தை எத்தனை முறை கழுவியிருந்தாலும் மீன் வாடை போகவில்லை. எல்லைவரை இந்தியக் கடலோரக் காவற்படைக் கப்பல் துணை வந்தது. அதற்கப்பால் இலங்கைக் கடற்படையினர் ஏற்றுக்கொண்டனர். எல்லை எங்கே என்று எங்கள் சிறுவன் எட்டி எட்டிப் பார்த்தான். தண்ணீரின் நிறம்கூட மாறவில்லை. எங்களில் நால்வருக்குக் குமட்டல் எடுத்ததைத் தவிர வேறொன்றும் நேரவில்லை.

தீவில் குடியிருப்பில்லை, குடிநீரும் இல்லை. முள்மரங்களும் மணலும் பவளக் கற்களும், நடுவே கோவிலும் உண்டு. நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பார் 1905-ஆம் ஆண்டு வாக்கில் எழுப்பிய சிற்றாலயமே மூலம். அதனருகே கட்டப்பட்ட புதிய கோவில் 2016 டிசம்பரில் மந்திரிக்கப்பட்டது. அது யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. நம் பக்கத்திலிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்திருந்தோம். அப்பக்கத்திலிருந்து அதனினும் மிகுதியானோர். மாலையில் கொடியேற்றம், தவக்காலத்து வெள்ளியாதலால் சிலுவைப்பாதையில் கூட்டம் பெருகி நின்றது. தமிழிலும் சிங்களத்திலும் செபங்கள் ஒலித்தன. சொல் விளங்காதபோதும், எந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும் என்பது எவர்க்கும் விளங்கிற்று.

இரவுத் தேர்ப்பவனி முடிந்து, இலங்கைக் கடற்படையினர் அளித்த உணவை வாங்கிக்கொண்டு, ஒரு மரத்தடியில் பாய் விரித்தோம். எங்கள் படகில் வந்த தங்கச்சிமடத்து அம்மாள் ஒருவரும் எங்களோடு அமர்ந்தார். அவருடைய மகன் எல்லை தாண்டி மீன்பிடித்ததாகப் பிடிக்கப்பட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறான். தொலைந்தவற்றை மீட்டுத் தருபவர் அந்தோணியார் என்ற நம்பிக்கையோடு, மகனைக் கேட்க வந்திருந்தார். அடுத்த பாயில் நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு குடும்பம். "நீங்கள் எவடம்?" என்று அந்தக் குடும்பத் தலைவி வினவினாள். அபிராமம் என்றோம், அறியாள். இராமேசுவரம் பக்கம் என்றதும் அவள் முகம் சற்றே மாறியது.

"கோபிக்காதேங்கோ அக்கா" என்று தொடங்கினாள். "உங்கட றோலர்கள் வாற இரவிலை நாங்கள் கடலுக்கு இறங்கிறதில்லை. வலையை விட்டால் விடிய வெறும் கயிறுதான் மிஞ்சும். போன மாதமும் அறுத்துக்கொண்டு போட்டினம். கடனுக்கு எடுத்த வலை. என்ர தாலிக்கொடி அடகிலை கிடக்குது."

றோலர் என்று அவள் சொன்னது நம் கரையின் விசைப்படகுகளை. அவை இழுக்கும் மடி கடலடியை வாரிக்கொண்டு செல்லும். மீன், குஞ்சு, பாசி, அடுத்தவன் விட்ட வலை என்று வேறுபாடு பார்ப்பதில்லை. அம்முறையை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடை செய்துவிட்டது. அதே 2017 மார்ச்சில்தான் தங்கச்சிமடத்து இளம் மீனவர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டு, நம்மவர் அவ்வாண்டு விழாவுக்கே செல்லாதிருந்தனர். 2024-இலும், மீனவர்க்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்துப் படகுகள் புறப்படவில்லை. செய்தித்தாளில் நாங்கள் அறிந்திருந்தது இந்தப் பாதி. மறுபாதி இப்போது எதிரே பாயில் அமர்ந்திருந்தது.

தங்கச்சிமடத்து அம்மாள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எம் மகன் கூலிக்குப் போனவன் தாயி. படகும் அவனுது இல்ல, வலையும் அவனுது இல்ல. போகச் சொன்ன பக்கம் போனான்" என்றார்.

அதற்கு அவள் மறுமொழி சொல்லவில்லை. கையிலிருந்த குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

நாங்கள் கரிசல் மண்ணில் பிறந்தவர்கள். கடல் நியாயம் அறியோம். ஆனால் விளைந்த வயலில் அடுத்தவன் மாடு இறங்கினால் என்ன ஆகும் என்பது அறிவோம். எங்கள் சிற்றூர்களில் அந்த மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைப்பார்கள். உடையவன் வந்து தண்டம் கட்டி மீட்டுச் செல்வான். மாட்டை ஓட்டி வந்த சிறுவனைச் சிறையில் இட்ட வழக்கத்தை நாங்கள் கேட்டதில்லை. பயிரை இழந்தவனைப் பார்த்து, "எங்கள் மாடு பாவம்" என்று சொல்வதும் எங்களுக்கு வழக்கமில்லை. அன்றிரவு இரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்க்க நேர்ந்தது. உறக்கம் பிடிக்கவில்லை.

ஊழியம் பற்றிக் கேட்ட பெண்பிள்ளையும் விழித்திருந்தாள். அவளுக்குப் புனித யோசேப்பு வாஸ் அடிகளாரின் கதையைச் சொன்னோம். டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களை இலங்கையில் விடாது தடுத்திருந்த காலம். கோவாவிலிருந்து புறப்பட்ட அவர், 1687-இல் தூத்துக்குடியில் கூலியாளைப்போல் வேடமிட்டுக் கப்பல் ஏறினார். நோயுற்று மெலிந்து கரை சேர்ந்தவர், மறைவாகத் திரிந்து சிதறிக் கிடந்த மந்தையைச் சேர்த்தார். 1711-இல் கண்டியில் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. 2015 ஜனவரி 14 அன்று பிரான்சிஸ் பாப்பரசர் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார். கேட்டு முடித்த பெண், "அவர் இருபத்து நாலு வருஷம், நாம் ஒரு ராத்திரி" என்றாள். கணக்குச் சரிதான். அந்த ஒரு இரவிலும் வீடு கட்டவில்லை, பாடம் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தோம். இதனை ஊழியம் என்று எழுதத் துணிவு வரவில்லை. ஆனால் பத்து நாள் ஊழியத்துக்கு அயல்நாடு செல்ல விரும்பும் நம் இளைஞர், பேசுவதற்கு முன் இப்படி ஓர் இரவு உட்கார்ந்து கேட்டால் நல்லது என்று தோன்றுகிறது.

சனி காலைத் திருவிழாத் திருப்பலியில், கடலில் இறந்தோர்க்காக இரு நாட்டாரும் ஒருங்கே செபித்தனர். பாய் கொடுத்த காசுக்கு மெழுகுதிரி ஏற்றினோம். காற்று இருமுறை அணைத்தது. மூன்றாம் முறை தங்கச்சிமடத்து அம்மாள் முந்தானையால் மறைத்துப் பிடித்துக்கொண்டார். தம்முடைய திரியை நெடுந்தீவுக்காரியின் திரியிலிருந்து பற்றவைத்தார். இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பிரியும்போது அவள் எங்களுக்கு ஒரு பொட்டலம் ஒடியல் மா தந்தாள். கட்டுச்சோற்றுக்குத் துணையாகக் கொண்டுசென்ற முண்டு மிளகாய் வற்றலில் மிஞ்சியதை நாங்கள் அவளுக்குக் கொடுத்தோம். உறைப்பு அதிகம் என்று எச்சரித்தே கொடுத்தோம்.

பிற்பகல் இராமேசுவரம் கரையேறினோம். மீண்டும் சோதனை, மீண்டும் வரிசை. வெளியே வந்தபோது, எங்களை ஏற்றி வந்த படகில் ஆட்கள் கரையில் குவித்திருந்த வலையை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களுள் ஒருவர் அருகே சென்று, அந்த இழுவை மடியை விட்டுவிட வழியில்லையா என்று கேட்டார். வயது முதிர்ந்த ஒருவர், கயிற்றைக் கையிலிருந்து விடாமலே, "விட்டுப்புட்டு எதை ஏத்துறது அண்ணாச்சி? ஆழ்கடல் படகுக்கு யாரு கடன் குடுப்பா? சொல்லுங்க, நாளைக்கே விட்டுர்றேன்" என்றார். சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. வலையின் ஒரு முனை மணலில் இழுபட்டது. எங்கள் சிறுவன் ஓடிப்போய் அதைத் தூக்கிக் கொடுத்தான்.