பால்டிக் கடலோரம் – 4: காலடியும் ஒரு காவல்

நீனஸ்ஹாம்ன் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்துக்குப் பிறகு, கோட்லாந்துத் தீவின் விஸ்பி நகரில் நானும் மகளும் இறங்கியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். மறுநாளுக்கு ஒருநாள் சுற்றுலாவில் இடம் பிடித்து வைத்திருந்தாள் மகள். பகலில் ஸ்டோரா கார்ல்ஸோ என்ற பறவைத் தீவு, மாலையில் விஸ்பியின் பழைய நகரம். இரண்டுக்கும் வழிகாட்டி உண்டு. ஒரே நாளில் பார்த்ததால்தானோ என்னவோ, தீவும் நகரமும் என் மனத்தில் இன்றுவரை பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

விஸ்பியிலிருந்து தெற்கே 30 கிலோமீட்டர் போனால் கிளிண்டேஹாம்ன் என்ற சிறு துறை. அங்கிருந்து அரை மணி நேரப் படகுப் பயணம். ஜூன் கடைசி வாரம், இந்த ஊருக்கு அது நல்ல கோடை. ஆனாலும் கடல் நடுவே காற்று எலும்பைத் தொட்டது. “அப்பா, ஸ்வெட்டரைப் போட்டுக்குங்க” என்று மகள் இரண்டு முறை சொல்லிவிட்டாள். தீவு கண்ணில் படுவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிட்டது. மீன் கவுச்சியும் பறவை எச்சமும் கலந்த, மூக்கைச் சுருங்க வைக்கும் காரமான வாசனை. அதன் பின்னாலேயே சத்தம். சந்தைக் கூட்டத்தைத் தொலைவிலிருந்து கேட்பது போன்ற ஓயாத கரகரப்பு.

கரையில் எங்களை வரவேற்ற வழிகாட்டி இளம்பெண், கடல் உயிரியல் படிப்பவர். கோடை முழுவதும் தீவிலேயே தங்கி வேலை செய்கிறார். நடப்பதற்கு முன் மூன்று விஷயங்கள் சொன்னார். பாதையை விட்டு இறங்க வேண்டாம். கடற்பறவைகள் தரையிலும் முட்டையிட்டிருக்கும். கயிற்றைத் தாண்ட வேண்டாம். கல்லோ பூவோ எதையும் எடுத்துப் பையில் போட வேண்டாம்.

கல்லைப் பற்றி ஏன் சொன்னார் என்பது கொஞ்ச தூரத்திலேயே புரிந்தது. பாதையோரச் சுண்ணாம்புப் பாறையில், சட்டைப் பொத்தான் அளவில் சின்னச் சின்ன வளையங்கள் பதிந்திருந்தன. கடல் அல்லி என்ற உயிரினத்தின் தண்டுத் துண்டுகள் அவை. ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நிலம் நிலநடுக்கோட்டை ஒட்டிய வெதுவெதுப்பான கடலுக்கு அடியில் இருந்தது. அங்கே வளர்ந்த பவளத் திட்டுகள்தான் இறுகி, கண்டத்தோடு நகர்ந்து, இன்று குளிர்க்கடலில் தலை தூக்கி நிற்கின்றன. மகள் ஒரு வளையத்தின் மேல் விரல் நுனியை வைத்துப் பார்த்தாள். எடுக்கவில்லை, தொட்டாள். அது போதுமாயிருந்தது.

செங்குத்துப் பாறையின் பக்கவாட்டில், கயிறு கட்டிய ஓரிடத்தில் எங்களை நிறுத்தினார்கள். கண்ணெதிரே பாறைத் தட்டுகள், தட்டுகள் நிறையப் பறவைகள். ஸ்வீடன்காரர்கள் இதைச் சில்கிரிஸ்லா என்கிறார்கள். கரும்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, ஊசி போன்ற அலகு. நிமிர்ந்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. சிலவற்றுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளைக் கோடு, மூக்குக்கண்ணாடி போட்டது போல. கூடு என்று ஒன்று கிடையாது. வெறும் பாறையில் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. ஒரு முனை கூர்மையான, பேரிக்காய் வடிவ முட்டை. ஒன்றின் நிறமும் புள்ளியும் இன்னொன்றுக்கு இருக்காது. அத்தனை நெரிசலிலும் தன் முட்டையைத் தாய் அடையாளம் காண்பது அப்படித்தான்.

எங்களுக்கு மிக அருகில் இருந்த தட்டில் ஒரு பறவை பறந்து வந்து இறங்கியது. அலகுக்குள் நீளவாக்கில் ஒரு மீன், வால் மட்டும் வெளியே துடித்துக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துப் பறவைகள் மீனைப் பறிக்க அலகை நீட்டின. வந்த பறவை தலையைக் குனிந்து, உடம்பால் மறைத்துக்கொண்டு, நெருக்கியடித்து உள்ளே போனது. சுவரோரம் நின்றிருந்த இணை தன் இறக்கையைச் சற்றே தூக்கியது. அடியில் ஒரு குஞ்சு! கைப்பிடிக்குள் அடங்கும் சாம்பல் நிறப் பஞ்சு உருண்டை. மீனைத் தலையிலிருந்து விழுங்கியது. வால் உள்ளே போக வெகு நேரம் பிடித்தது. எங்கள் குழுவில் ஒருவரும் பேசவில்லை. மகள் என் கையைப் பிடித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

“இதற்கு வயது பதினெட்டு நாள் இருக்கலாம்” என்றார் வழிகாட்டி. “இருபது நாள் ஆனதும் குதித்துவிடும். நாளையோ, நாளை மறுநாளோ. ஒருவேளை இன்றைக்கே.”

குதிப்பது என்றால் நிஜமாகவே குதிப்பது. குஞ்சுக்கு அப்போது பறக்கத் தெரியாது, அதற்கான சிறகும் முளைத்திருக்காது. வெளிச்சம் மங்கும் நேரத்தில், கீழே கடலில் மிதக்கும் தகப்பன் குரல் கொடுக்கும். குஞ்சு பதில் கொடுக்கும். விளிம்புக்கு வரும், பின்வாங்கும், மறுபடி வரும். பிறகு பல மாடி உயரத்திலிருந்து காற்றில் தன்னை விட்டுவிடும். சில குஞ்சுகள் நீரில் விழும், சில கற்கரையில் விழுந்து உருண்டு எழுந்து நீரைத் தேடி ஓடும். அதன் பிறகு பல வாரங்கள் கடலில் அதை வளர்ப்பது தகப்பன் மட்டுமே. தாய் உடன் போவதில்லை. பகல் படகில் வந்து பகலிலேயே திரும்பும் எங்களுக்கு அதைக் காணும் பேறு இல்லை. கேட்டதே நெஞ்சை என்னவோ செய்தது.

இன்று இந்தத் தீவில் 20,000 ஜோடிகளுக்கு மேல் சில்கிரிஸ்லாக்கள் குஞ்சு பொரிக்கின்றன. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறு. முட்டை எடுப்பும் வேட்டையும் சேர்ந்து பறவைகளை ஏறத்தாழ துடைத்தெடுத்திருந்தன. உழவர்களின் ஆடுகள் தீவின் பச்சையை வேரோடு மேய்ந்திருந்தன. 1880இல் வில்லி வோலர் என்பவர், வேட்டைக்கும் விலங்குப் பாதுகாப்புக்குமாக ஒரு பங்கு நிறுவனம் தொடங்கி, தீவின் நிலத்தை வாங்க ஆரம்பித்தார். வேட்டை ஆர்வத்தில் தொடங்கிய முயற்சி கொஞ்சம் கொஞ்சமாகக் காப்பாற்றும் முயற்சியாகக் கனிந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனுக்கு அடுத்தபடி உலகின் மிகப் பழைய இயற்கைக் காப்பகம் இதுதான் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது.

காப்பாற்றுவது ஒரு முறையோடு முடிகிற வேலையும் அல்ல. பிந்தைய காலத்தில் டிடிடி பூச்சிக்கொல்லி பால்டிக் கடலில் கலந்து, மீன் வழியாகப் பறவைக்குள் போய், முட்டை ஓட்டை மெலிய வைத்தது. மருந்து தடை செய்யப்பட்ட பிறகே ஓடு பழைய தடிமனுக்குத் திரும்பியது. 2008இல் இங்கே ஒரு செயற்கைப் பாறை அமைத்தார்கள். வெளியே தட்டுகளில் பறவைகள் குடியிருக்கும். ஆராய்ச்சியாளர்கள் உள்ளிருந்து அவற்றைக் கலைக்காமல் கவனிப்பார்கள்.

அந்தக் கவனிப்பில் கிடைத்த ஒரு செய்திதான் இந்தப் பயணத்தில் என்னைப் புரட்டிப் போட்டது. சுற்றுலாக்காரன் கால் வைத்தால் இயற்கை கெடும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். நாங்கள் வந்திருப்பதே இந்தப் பறவைகளுக்குத் தொந்தரவுதானே என்று வழிகாட்டியிடம் கேட்டேன்.

“2020இல் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்” என்றார் அவர். “கொரோனாவால் ஆள் வரத்து நின்றது. பறவைகளுக்கு நிம்மதியான ஆண்டு என்று எதிர்பார்த்தோம். நடந்தது வேறு.”

மனிதர் இல்லாத தீவுக்கு வெண்வால் கழுகுகள் வந்து சேர்ந்தன. அவற்றின் நடமாட்டம் வழக்கத்தைப் போல 7 மடங்கானது. கழுகு அடித்துத் தின்றது குறைவு. அதன் நிழலே போதுமானதாக இருந்தது. ஒரு கழுகு மேலே வட்டமிட்டால் தட்டு முழுக்க ஒரே நேரத்தில் எழும்பிப் பறக்கும். அந்தப் பதற்றத்தில் முட்டைகள் உருண்டு விழும். எஞ்சியவற்றைக் காகங்களும் கடற்காக்கைகளும் கொண்டுபோகும். அந்த ஆண்டு குஞ்சு வளர்ப்பு 26 சதவீதம் சரிந்தது. கழுகுக்கு மனிதரைக் கண்டால் அச்சம். சில்கிரிஸ்லாவோ, பாதையோடு நடந்து, கயிற்றுக்கு இப்பால் நிற்கும் மனிதருக்குப் பழகிவிட்டது. ஆக, ஒவ்வொரு கோடையும் இந்தப் பாதையில் நடந்தவர்கள் எல்லோரும், தாங்கள் அறியாமலே காவலுக்கு நின்றிருக்கிறார்கள்.

நான் என் காலடியைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். வாழ்நாளில் இப்படி ஒரு வேலையை என் கால்கள் செய்ததாக யாரும் சொன்னதில்லை.

திரும்பும் வழியில் ஸ்டோரா ஃபர்வார் குகை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைத் தோண்டியபோது, 4 மீட்டர் தடிமனுக்குக் கற்கால மனிதர்களின் அடுப்புச் சாம்பலும் சீல் எலும்புகளும் அடுக்கடுக்காகக் கிடைத்தனவாம். 9,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஆள் இருந்திருக்கிறது. படகுக்கு முன் குங்குமப்பூ அப்பம் சாப்பிட்டோம். கோட்லாந்தின் பேர்பெற்ற பண்டம் அது. பாலில் குழைய வேகவைத்த அரிசியோடு முட்டையும் பாதாமும் குங்குமப்பூவும் சேர்த்து அடுப்பில் சுடுவது. மேலே காட்டுப்பழ ஜாமும் கடைந்த கிரீமும். பால்பொங்கலைத் துண்டு போட்டுத் தின்றது போல இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு விஸ்பி. மதில் சூழ்ந்த இடைக்கால நகரம், 1995 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். மதிலின் நீளம் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர். இன்றும் பெரும்பகுதி முழுசாக நிற்கிறது. கல் எல்லாம் அதே சுண்ணாம்புக்கல். உள்ளே கல் பாவிய சந்துகள், சன்னலோரம் ஏறும் ரோஜாக்கொடிகள், கூரை இழந்து வானம் பார்க்கும் தேவாலயங்கள். 1225இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித மரியாள் பேராலயத்தில்தான் இன்றும் வழிபாடு நடக்கிறது.

அழகு அழகு என்று படமெடுத்துக்கொண்டிருந்த எங்களை நகர வழிகாட்டியான முதிய பெண்மணி மதிலின் நிலப்பக்கம் அழைத்துப்போனார். “கடலிலிருந்து வரும் பகைவனுக்காக மட்டும் கட்டியது என்று நினைக்காதீர்கள். இந்தப் பக்கத்து மதில் யாருக்கு எதிராகத் தெரியுமா? இந்தத் தீவின் உழவர்களுக்கு.”

ஹன்சா வணிகத்தில் செழித்த நகரம் விஸ்பி. வெளியே இருந்த கோட்லாந்து உழவர்களும் கடல் வணிகம் செய்தவர்களே. அந்தப் போட்டி முற்றி 1288இல் நகருக்கும் நாட்டுப்புறத்துக்கும் உள்நாட்டுப் போரே நடந்தது. பிறகு 1361 ஜூலையில் டென்மார்க் மன்னன் வால்டமர் அட்டர்டாக் படையோடு வந்தான். பழக்கப்பட்ட போர்ப்படைக்கு எதிரே உழவர்கள் பழைய கவசங்களோடு நின்றார்கள். கடைசிச் சண்டை மதிலுக்கு வெளியே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். ஏறத்தாழ 1,800 பேர் விழுந்தார்கள். நகரத்தார் கதவைத் திறக்கவில்லை, மதில் மேலிருந்து பார்த்தார்கள் என்றே இங்கு சொல்லப்படுகிறது. பிறகு நகரம் போரிடாமல் பணிந்து தன் வணிக உரிமைகளைக் காப்பாற்றிக்கொண்டது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் புதைகுழிகளைத் தோண்டினார்கள். கோடை வெயில், எண்ணிக்கையில்லா உடல்கள். கவசத்தைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே புதைத்திருந்தார்கள். சிறுவர்களின் எலும்புகளும் கிழவர்களின் எலும்புகளும் இருந்தன. நகர அருங்காட்சியகத்தில் ஒரு மண்டையோட்டைப் பார்த்தேன். இரும்பு வளையங்களைக் கோத்த வலைத் தொப்பி, துருவேறி எலும்போடு எலும்பாக ஒட்டியிருந்தது. காலையில் பாறையில் பார்த்த வளையங்களின் அளவே இருக்காது ஒவ்வொன்றும். பக்கத்து அறையில், 1999இல் ஒரு வயலில் கிடைத்த வைக்கிங் காலப் புதையல். 67 கிலோ வெள்ளி, அதில் அரபு நாட்டு நாணயங்கள் மட்டும் ஆயிரக்கணக்கில். மினுமினுத்தது. எனக்கு மண்டையோட்டை விட்டுக் கண் அகலவில்லை.

மதிலுக்கு வெளியே, அந்தக் குழிகள் இருந்த இடத்தில் ஒரு கற்சிலுவை நிற்கிறது. ஆண்டையும் நாளையும் சொல்லி, இங்கே புதைந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்கிறது அதன் எழுத்து. இரவு ஒன்பதரை மணி. வெயில் இன்னும் புல்லின் மேல் சாய்ந்து கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் மதில் நன்றாகத் தெரிகிறது. அப்படியென்றால் மதிலிலிருந்தும் இந்த இடம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

காவல் என்றால் மதில் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த மதில் காத்தது உள்ளே இருந்தவர்களை மட்டும். தீவில் மதில் இல்லை. ஒரு கயிறு, அதற்கு இப்பால் ஒதுங்கி நிற்கும் சில மனிதர்கள், அவ்வளவுதான். இங்கேயும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அங்கேயும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மதில் மேல் நின்று பார்த்தவர்களால் கீழே ஒரு உயிரும் பிழைக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றவர்களால் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் பிழைக்கின்றன.

விடுதிக்கு நடக்கும்போது கடல் பக்கம் வானம் சிவந்து, மெல்ல மங்கத் தொடங்கியது. மகள் நின்றாள்.

“அந்தக் குஞ்சு இப்ப குதிச்சிருக்குமாப்பா?”

“கீழே அப்பா கூப்பிட்டுக்கிட்டிருக்கும்மா. குதிச்சிடும்” என்றேன்.

(அடுத்த வாரம்: இயக்குநர் இங்மார் பெர்க்மன் வாழ்ந்து, அடக்கமான ஃபோரோ தீவு)