ஸ்டார்ட் செய்யும் முன் கையால்

அமெரிக்காவின் விசிட்டா நகரில் ‘டாக்’ என்றொரு பி-29 குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. பாலைவன வெயிலில் பல காலம் கிடந்ததைத் தன்னார்வலர்கள் மீட்டு, 2016-இல் மறுபடி பறக்கவிட்டார்கள்.

நான்கு இன்ஜின்கள், ஒவ்வொன்றிலும் வட்டமாக அமைந்த 18 சிலிண்டர்கள். சும்மா நிற்கும்போது ஆயில் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகலாம். அதனால் முதலில் ஆட்கள் வரிசையாக வந்து ப்ரொப்பெல்லரைக் கையால் தள்ளிச் சுற்றுகிறார்கள். ஒருவர் ஒரு பிளேடைத் தள்ளிவிட்டு விலக, அடுத்ததற்கு இன்னொருவர் தோள்கொடுக்கிறார்.

ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்டதும் இந்த ரக விமானம்தான். அந்த வரலாற்றைப் புத்தகத்தில் படிப்பது வேறு, உலோகமாக எதிரே பார்ப்பது வேறு. சம்பளம் வாங்காமல் இந்த விமானத்தைக் காத்துவருபவர்களுக்கு என் மனமார்ந்த வணக்கம்.